பௌஹவுஸிலிருந்து ஆடித் தள்ளுபடிக்கு

சென்னையின் நுங்கம்பாக்கம், ஆழ்வார்ப்பேட்டைப் பகுதிகளில், ஒருகாலத்தில் குடும்பங்கள் வாழ்ந்த மாடி வீடுகளை வாடகைக்கு எடுத்து, கூடத்துச் சுவர் ஒன்றுக்கு மட்டும் மஞ்சள் வண்ணம் பூசி நடத்தப்படும் விளம்பர நிறுவனங்களில், மே மாத இறுதியில் தோன்றி ஆகஸ்ட் நடுவில் மறையும் ஒரு மனித வகை உண்டு. அலுவலகத்தார் அவரை ‘இன்டர்ன்’ என்பர். வடிவமைப்புக் கல்லூரியிலோ, ‘விஸ்காம்’ எனப்படும் காட்சித் தொடர்பியல் துறையிலோ பயிலும் மாணவர், பட்டம் பெறுவதற்கு முன் ஏதேனும் ஒரு நிறுவனத்தில் சில வாரங்கள் பணியாற்றிச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்ற பாடத்திட்ட விதியே இவ்வகையின் தோற்றத்துக்குக் காரணம். ஊதியம் உண்டா என்ற வினாவுக்கு ‘ஸ்டைபண்ட்’ என்று விடை வரும்; அது பேருந்துக் கட்டணத்துக்குச் சற்று மேலும் மதியச் சாப்பாட்டுக்குச் சற்றுக் கீழுமாக நிற்கும் ஒரு தொகையாகும். சில இடங்களில் ‘நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும்’ என்ற உறுதிமொழியே அத்தொகை.

இவர் வெறுங்கையுடன் வருவதில்லை. 1919-இல் ஜெர்மனியின் வைமார் நகரில் தொடங்கப்பட்ட பௌஹவுஸ் பள்ளியின் கொள்கைகளும், 1957-இல் சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹெல்வெடிகா எழுத்துருவின் பெருமையும் இவருக்குத் தலைகீழ்ப் பாடம். இந்திய அரசு அழைத்து வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958-இல் அளித்த அறிக்கையையும் இவர் படித்திருப்பார். அகமதாபாத்தில் 1961-இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுவதற்கு அடித்தளமிட்ட அந்த அறிக்கை, தாங்கள் இந்தியாவில் கண்ட பொருள்களிலேயே ஆகச் சிறந்ததாக நம் வீட்டுச் சொம்பைக் கொண்டாடியது. அதன் கொள்ளளவு, எடையின் சமநிலை, இடுப்பிலோ தலையிலோ சுமக்கும் முறை, பிடிக்கும் கையின் அளவு என்று கேள்விமேல் கேள்வி எழுப்பி, தனியொருவர் வடிவமைக்காமல் தலைமுறைகள் தேய்த்துத் தேய்த்து உருவாக்கிய பொருள் அது என்று அவர்கள் வியந்ததைப் பற்றி, இன்டர்ன் இரண்டாம் ஆண்டில் கட்டுரையே எழுதியிருப்பார்.

அலுவலகத்தில் இவருக்கென்று நாற்காலி இராது. கலந்தாய்வு அறையின் நீள்மேசையில் ஒரு மூலை ஒதுக்கப்படும். வாடிக்கையாளர் எவரேனும் வந்துவிட்டால் மடிக்கணினியைத் திறந்தவாறே ஏந்திக்கொண்டு, சார்ஜர் வால் தரையில் இழுபட, மாடிப்படிக்குக் குடிபெயர வேண்டும். முதல் வாரத்தில் இவரிடம் தரப்படும் பணி ‘மூட்போர்டு’, அதாவது ஒரு விளம்பரம் எத்தகைய நிறத்திலும் மனநிலையிலும் அமைய வேண்டும் என்பதைக் காட்டுவதற்காகப் பிறர் செய்த படங்களைத் திரட்டி ஒட்டிய பலகை. இரவெல்லாம் விழித்து இவர் திரட்டியதைக் கிரியேட்டிவ் டைரக்டர் தேநீர் ஆறுவதற்குள் பார்த்து முடித்து, ‘நைஸ்’ என்பார். அந்த ஒரு சொல்லின் உட்பொருளை ஆராய்வதிலேயே இன்டர்னின் எஞ்சிய வாரம் கழியும்.

வாடிக்கையாளருக்கும் கலைஞர்களுக்கும் இடையே தூது செல்வோர் ‘சர்வீசிங்’ எனப்படுவர். தேவையைத் தெளிவாக எழுதித் தரும் ‘பிரீஃப்’ என்னும் ஆவணம் அவர்கள் வழியே வரும் என்பது கல்லூரிப் பாடம். வாட்ஸாப்பில் வந்த குரல்பதிவு ஒன்று அப்படியே தள்ளிவிடப்பட்டு, கீழே ‘ப்ரோ, ஈவினிங்குள்ள’ என்று மட்டும் எழுதப்பட்டிருக்கும் என்பது நடைமுறை.

ஜூலை நடுவில் ஆடி பிறக்கும். தியாகராய நகர்ப் பாத்திரக் கடை ஒன்றின் தள்ளுபடி விளம்பரமும் உடன் பிறக்கும். ஈம்ஸ் கொண்டாடிய அதே சொம்பு, எவர்சில்வரில், இன்டர்னின் திரைக்கு வந்து சேரும். பளபளக்கும் பாத்திரத்தை எத்துணைக் கவனமாகப் படமெடுத்தாலும் அதன் வயிற்றில் விளக்கும் முக்காலியும், இடையில் குனிந்து நிற்கும் புகைப்படக்காரரும் வளைந்து தெரிவர். அவர்களை அப்புறப்படுத்துவது இன்டர்னின் கடமை. படத்தை 400 விழுக்காடு பெரிதாக்கி, அருகிலுள்ள பரப்பை நகலெடுத்துக் கறைமேல் ஒற்றும் ‘குளோன் ஸ்டாம்ப்’ என்னும் கருவியால் முதலில் முக்காலியையும், பின்னர் புகைப்படக்காரரின் முழங்கையையும், இறுதியில் அவர் மீசையையும் அழித்து முடிக்கும்போது, சொம்பு பௌஹவுஸ் ஆசிரியர்களே மெச்சத்தக்க தூய வடிவம் பெற்றிருக்கும்.

அடுத்த இடர் எழுத்தில் நேரும். ஆங்கில வாசகம் எழுதுவோர் நிறைந்த அலுவலகத்தில், திருநெல்வேலியிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்த இன்டர்னே தமிழ்த் துறையாகவும் நியமிக்கப்படுவார். மென்பொருளின் எழுத்தமைப்பு இந்திய மொழிகளுக்கு ஏற்ப மாற்றப்படாதிருந்தால், ஒகரத்தின் கொம்பும் காலும் மெய்யை அணைக்காமல் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கும். ‘சொம்பு’ என்ற சொல்லே உடைந்து கிடக்கும். ‘தமிழ் ஃபான்ட்னாலே இப்படித்தான் ப்ரோ’ என்று மூத்தவர் கைவிரிக்க, இன்டர்ன் அமைப்புப் பட்டியலின் அடியில் புதைந்திருந்த தெற்காசிய மொழிகளுக்கான தேர்வைக் கண்டுபிடித்துக் கொம்பை அதன் இடத்தில் நிறுத்துவார். அலுவலகத்தின் அழகியல் வரலாற்றில் அது ஒரு திருப்புமுனை; ஆயினும் எவரும் கவனிப்பதில்லை.

மூன்று பேர் பார்த்து ஒப்புதல் தந்த விளம்பரம் கடைக்குச் செல்லும். எல்லாரும் அஞ்சும் கடை முதலாளி அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு கேட்பது லோகோவைப் பற்றியன்று: ‘கழுத்துல ஓடுத வரி எங்க தம்பி? அது இல்லாட்டா ஈரக்கையில வழுக்காதா?’ புகைப்படக்காரரின் மீசையோடு சேர்த்து அந்த வரியையும் இன்டர்ன் துடைத்திருப்பார். ஈம்ஸ் தம்பதியரின் கேள்விப் பட்டியலை ஒருபோதும் படித்திராத அண்ணாச்சி அதே வகைக் கேள்வியைக் கேட்டுவிட்டார் என்பதை உணர்ந்து மகிழ்பவர் அந்த அறையில் இன்டர்ன் ஒருவரே. சர்வீசிங்காரரோ ‘கிளையன்ட் ரொம்பப் படுத்துறார்’ என்று திரும்பும் வழியெல்லாம் புலம்புவார்.

ஆகஸ்ட் வந்ததும் சுதந்திர நாள் வாழ்த்துகளின் பருவம். குக்கர், பனியன், ஊறுகாய் முதலிய எப்பொருளுக்கும் நாட்டுப்பற்றுடன் உறவு காட்டும் வாழ்த்துப் படம் 15-ஆம் தேதி காலைக்குள் தேவைப்படும். இலவசத் தளத்தில் கிடைத்த அசோகச் சக்கரத்தின் ஆரங்களை விரல்விட்டு எண்ணி, 24 இருக்க வேண்டிய இடத்தில் 22 இருப்பதைக் கண்டு, ஒன்றிலிருந்து மீண்டும் வரைபவர் இன்டர்ன். கொடியின்மேல் எழுத்து எதுவும் பொறிக்கக் கூடாது என்ற விதியைச் சொல்லித் தள்ளுபடி வாசகத்தைக் கீழே இறக்குபவரும் அவரே. ‘யாரு ப்ரோ எண்ணப்போறா?’ என்ற கேள்வி எழும். எவரும் எண்ணுவதில்லை என்பது உண்மைதான்.

இறுதி நாளில் சான்றிதழ். அலுவலகத்தில் அதற்கென வார்ப்பு ஏதும் இல்லாமையால், ‘நீங்களே ஒண்ணு டிசைன் பண்ணிடுங்களேன்’ என்று மனிதவளத் துறையினர் கேட்டுக்கொள்வர். தம் உழைப்பையும் ஒழுக்கத்தையும் பாராட்டும் வாசகத்தைத் தாமே எழுதி, எழுத்துகளுக்கு இடையே உள்ள இடைவெளியைத் தாமே சீர்செய்து, லோகோவைப் பெரிதாக்கும்படி வரும் திருத்தத்தையும் ஏற்று, வெட்டும்போது வெள்ளை விளிம்பு தெரியாதிருக்க நாற்புறமும் விடப்படும் 3 மில்லிமீட்டர் ‘பிளீட்’ எனும் உபரிப் பரப்புடன், நான்கு வண்ண அச்சுக்குரிய கோப்பாக இன்டர்ன் அதனை அனுப்பிவைப்பார். வரவேற்பு மேசையின் அச்சுப்பொறியில் வண்ண மை தீர்ந்திருப்பதால் அது கறுப்பு வெள்ளையில் வெளிவரும். வெட்டுக் குறிகளோடு சேர்த்தே அதில் கையெழுத்திட்டு, முத்திரையும் குத்திக் கொடுப்பர்.