ஸ்டாக்ஹோமிலும் ஒரு பால்வாடி

(திருவையாறு பக்கம் ஒரு கிராமம். ஆனி மாத வெயில். அங்கன்வாடி வாசலில், மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு ஸ்வீடனிலிருந்து திரும்பிய ஓய்வுபெற்ற அதிகாரி. ஊரில் இரண்டு வேலி நிலம் உண்டு. உள்ளே, கரண்டியும் கையுமாக ஆயா.)

சார்: அடுப்ப அணைச்சிட்டு இங்க வந்து உக்காரு ஆயா. பேரன் போற பால்வாடியப் பார்த்துட்டு வந்திருக்கேன். அதையெல்லாம் நீ கேட்டுக்கணும்.

ஆயா: அடுப்ப அணைச்சா சோறு யாரு வடிக்கிறது? சொல்லுங்க சார், காது இங்கதான் இருக்கு.

சார்: அங்க அதுக்குப் பேரு ஃபொர்ஸ்கூலா. ஒரு வயசுலேர்ந்து அஞ்சு வயசு வரைக்கும் பிள்ளைங்க.

ஆயா: அங்க ஆயாவுக்கு என்ன சம்பளம்?

சார்: அதை நான் கேக்கல.

ஆயா: மூணு மாசம் இருந்துட்டு அதைக் கேக்காமயா வந்தீங்க!

சார்: குறுக்க பேசாத. உள்ள நுழைஞ்ச உடனே செருப்பக் கழட்டச் சொல்லிட்டாங்க. வெள்ளக்காரன் ஊர்ல! என்ன சுத்தம், என்ன மரியாதை!

ஆயா: இங்க நீங்க இன்னும் கழட்டலையே சார்.

சார்: (காலை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு) நான் திண்ணையிலதான இருக்கேன்... கேளு. புதுசா சேர்ற பிள்ளைக்குப் பழகுற வரைக்கும் அம்மாவோ அப்பாவோ கூடவே உக்காந்திருக்கணும். என் பையன் போயி உக்காந்தான். அவனுக்கு லீவு. ஒரு பிள்ளைக்கு அம்மா அப்பா ரெண்டு பேருக்குமா சேர்த்து 480 நாள். அதுல 90 நாள் அப்பாவுக்குன்னே ஒதுக்கினது. அவன் எடுக்கலன்னா அது வீணாப் போயிடும்.

ஆயா: அப்ப தம்பி வீட்டுல இருந்து பிள்ளைக்குப் பீத்துணி அலசுச்சா?

சார்: அது... டயப்பர். (குரலைத் தாழ்த்தி) கடைத்தெருவுல யார் கேட்டாலும் 'ஒர்க் ஃப்ரம் ஹோம்'னு சொல்லி வச்சிருக்கேன். நீ ஒண்ணும் உளறிடாத.

ஆயா: நான் ஏன் சொல்றேன்?

சார்: சாப்பாடு கேளு. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சாப்பாடு, ஒரே மேஜை. பணக்காரன் ஏழை பேதமே கெடையாது. இதெல்லாம் நம்ம நாட்டுல நினைச்சுப் பார்க்க முடியுமா?

ஆயா: 1982 ஜூலை 1ஆம் தேதி எம்ஜிஆர் சத்துணவ ஆரம்பிச்சப்ப எனக்கு அஞ்சு வயசு. தட்டேந்தி வரிசையில உக்காந்தவ நானு. அன்னைலேர்ந்து இங்க ஒரே சோறுதான். உங்க மக வயித்துப் பேத்திய இங்க சேருங்கன்னு சொன்னதுக்கு, 'யார் யார் கூடல்லாம் உக்கார வைக்கிறது'ன்னீங்க. இப்ப அது மூணு வயசுல டை கட்டிக்கிட்டு, காலையில வேன்ல தஞ்சாவூருக்குத் தூங்கிக்கிட்டே போவுது.

சார்: அது இங்கிலீஷுக்காக.

ஆயா: ஸ்வீடன்ல இங்கிலீஷா சொல்லிக் குடுக்குறாங்க?

சார்: இல்ல... அங்க ஒண்ணுமே சொல்லிக் குடுக்கல. விளையாட்டுதான். மழை பெஞ்சாலும் ரப்பர் கோட்ட மாட்டி வெளிய விட்டுடுறாங்க. சேத்துல பொரளுதுங்க! சேறு உடம்புக்கு அவ்ளோ நல்லதாம்.

ஆயா: போன ஐப்பசியில, பால்வாடிப் பிள்ளைங்க உங்க காம்பவுண்டு ஓரம் சேத்துல ஆடுதுன்னு மனு எழுதினது யாரு சார்?

சார்: அது வேற சேறு.

ஆயா: ஆமாமா. இது வெறும் காவேரி வண்டல்.

சார்: சரி, விடு. அங்க பிள்ளைங்கள அடிக்கவே கூடாது. 1979லயே சட்டம் போட்டுட்டான். உலகத்துலயே மொத நாடு. பெத்தவனே கை வைக்க முடியாது.

ஆயா: இங்க, 'கண்ண மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க'ன்னு பெத்தவங்களே கொண்டாந்து விட்டுட்டுப் போறாங்க. நான் உரிக்கிறது முட்டை மட்டுந்தான். அதையும் டீச்சர் எண்ணி, செல்லுல ஏத்தி, டவர் கெடைக்கலன்னா வேப்பமரத்தடியில நின்னு திரும்ப ஏத்தணும்.

சார்: அப்புறம் கட்டடம். எந்த ரூம்லேர்ந்தும் வெளிய ஓட வழி. தீப்பிடிச்சா எப்படிப் போறதுன்னு பச்சை போர்டு.

ஆயா: (கரண்டியைக் கீழே வைத்து) அதைக் கேலி பண்ண மாட்டேன் சார். 2004ல கும்பகோணத்துல பள்ளிக்கூடம் தீப்பிடிச்சு 94 பிள்ளைங்க. சேதி வந்தன்னைக்கு அவங்கவங்க பிள்ளையத் தேடி ஓடினோம். கீத்துக் கொட்டகையப் பார்த்தா இன்னைக்கும் வயிறு பதறும்.

(கொஞ்ச நேரம் பேச்சில்லை. உள்ளே ஒரு குழந்தை தட்டைத் தட்டியது.)

சார்: இந்தா, இந்தப் போட்டோவப் பாரு. இதுதான் அதிசயம். மார்ச் மாசம், மைனஸ் 3 டிகிரி. வரிசையா தள்ளுவண்டி. ஒவ்வொண்ணுலயும் ஒரு பிள்ளை, கம்பளியப் போத்திக்கிட்டு வெட்டவெளியில தூங்குது! நான் பதறிப்போயிட்டேன். திறந்த காத்துல தூங்குனா நல்லதுன்னு அந்த டீச்சரம்மா பொறுமையா விளக்கிச் சொல்லுது. என்ன அறிவு பாரு அவங்களுக்கு!

ஆயா: நல்லாத்தான் தூங்குது. எம்புள்ளையும் இப்புடித்தான் தூங்குவான்.

சார்: எங்க?

ஆயா: உங்க வயல்ல. இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி நடவாளுதானே நான். பெத்து மூணாம் மாசம் குறுவை நடவுக்கு வந்துட்டேன். வாய்க்கால் கரையில பூவரசுல தூளியக் கட்டிட்டு, ஒரு பாத்தி நட்டுட்டு வந்து ஒரு ஆட்டு ஆட்டிட்டுப் போவேன். ரெண்டு நாள்தான். 'இது வயலா, புள்ள வளக்குற எடமா, அவுத்து எடுத்துக்கிட்டுப் போ'ன்னு சொல்லிட்டீங்க.

சார்: நானா?

ஆயா: நீங்கதான். கொடை புடிச்சிருந்தீங்க.

சார்: அப்பல்லாம்... காலம் அப்படி இருந்துச்சு ஆயா. அங்க பாரு, இன்னொரு போட்டோ...

ஆயா: மெதுவா பேசுங்க சார். பிள்ளைங்க படுக்குற நேரம். போறப்ப கேட்டைச் சாத்திட்டுப் போங்க, ஆடு உள்ள வந்துடும்.