அரிக்கமேட்டில் இறுதிக்குறிப்பு: கீழிறங்குவோர், மேலேறுவோர் குறித்து ஓர் ஆய்வு

வீராம்பட்டினத்தை ஒட்டி அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் கிடக்கும் அரிக்கமேட்டை 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். 1947-48-இல் ழான்-மரி கசால் தோண்டினார். 1949-இல் வந்த தம் நூலின் தலைப்பிலேயே வீராம்பட்டினத்தையும் சேர்த்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழு தோண்டியது. அதன் அறிக்கை 1996-இலும் 2004-இலும் இரு தொகுதிகளாக வெளிவந்தது. இவற்றையெல்லாம் படித்து இன்று ஆய்வேடு எழுதுபவர் தோண்ட வேண்டியது ஒன்றுதான்: தம்முடைய வேர்ட் கோப்பு.

இக்கோப்பின் மண்ணடுக்கு எளியது. மேலே முன்னுரை, நடுவே இயல்கள், அடியாழத்தில் இறுதிக்குறிப்புகள்.

இத்தாலிய அரிட்டைன் மட்கலங்களையும் ஆம்போரா சாடித் துண்டுகளையும் கொண்டு, இங்கு ரோமானிய வணிகம் நடந்ததை வீலர் நிறுவினார். அத்தொடர்பு இன்னும் அறுபடவில்லை என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். சான்று: கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பிறக்கும் இறுதிக்குறிப்புக்கு, யாரும் கேட்காமலே ரோமன் எண் விழுகிறது. அடிக்குறிப்புக்கு 1, 2, 3 தான். 88-ஆம் குறிப்பு வரும்போது இரண்டு இலக்கம் போதுமான இடத்தில் எட்டு எழுத்துகள் எறும்புச் சாரியாக ஊர்கின்றன. 'ரெஃபரன்சஸ்' பட்டையில், அடிக்குறிப்புப் பகுதியின் மூலையிலுள்ள சின்ன அம்புக்குறியைத் தட்டி, எண் வடிவத்தை மாற்றி 'அப்ளை' கொடுத்தால் ரோமானியர் கப்பலேறிவிடுவர்.

கீழிறங்குவோர் மூவகையினர். முதல் வகையினர் மவுஸின் சக்கரத்தை உருட்டுவோர். "இதோ, பாத்துட்டு வந்துடறேன்" என்று போய், கசால் நூலின் பக்க எண்ணைத் திருத்திவிட்டு, புறப்பட்ட பத்தி எதுவென்று தெரியாமல் பாசிமணி இயலில் கரையேறுவர். இவர்களுக்காகவே ஷிஃப்ட்டும் எஃப்5-உம் இருக்கின்றன; கடைசியாகத் திருத்திய இடங்களுக்கு அவை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொண்டுபோகும். இரண்டாம் வகையினர் புறப்படும் இடத்தில் 'இங்க வரணும்' என்று தட்டிவிட்டுப் போவர். வாய்மொழித் தேர்வு நாளிலும் அது அங்கேயே இருப்பதுண்டு. மூன்றாம் வகையினர் எண்ணை டபுள் கிளிக் செய்வோர்: உரையில் செய்தால் குறிப்புக்கு, குறிப்பில் செய்தால் உரைக்கு. எண்ணின் மேல் மவுஸைச் சும்மா நிறுத்தினாலே குறிப்பு சிறு பெட்டியில் தெரியும் என்று அறிந்தவர்கள் கீழிறங்குவதே இல்லை. ஆகவே அவர்களை இந்த ஆய்வில் சேர்க்க இயலவில்லை.

இயல்விட்டு இயல் தாவ நேவிகேஷன் பலகம் உண்டு. தலைப்புகளுக்கு 'ஹெடிங்' ஸ்டைல் கொடுத்தவருக்கு அதில் இயல்கள் வரிசையாக நிற்கும். எழுத்தைப் பெரிதாக்கி போல்டு மட்டும் போட்டவருக்கு அது வெற்றுக் குழி.

இறுதியாக, அழிவு பற்றி. உரையிலுள்ள எண்ணை அழித்தால் குறிப்பும் கூடவே போகும்; மற்றவை தாமே எண் மாறிக்கொள்ளும். கீழேயுள்ள வாசகத்தை மட்டும் அழித்தாலோ, எண் மேலே அநாதையாக நிற்கும். அரிக்கமேட்டுப் பானையோடுகளில் தமிழ் பிராமி எழுத்துகள் கிடைத்தன. இக்கோப்புகளைத் தோண்டப்போகும் பிற்கால ஆய்வாளர், வாசகமற்ற இந்த எண்களைக் கொண்டு, 21-ஆம் நூற்றாண்டு வரை வீராம்பட்டினத்தில் ரோமானியர் குடியிருந்தனர் என்று நிறுவக்கூடும்.