கண்ணாடி நெய்தல்: சர்ஜன் மீன் வளர்ப்பில் திணை மரபு

அகத்திணை ஏழு என்றார் தொல்காப்பியர். எட்டாவது, கடல்மீனை வீட்டில் வளர்ப்பது. அன்பு வளர்ப்பவர் பக்கம் மட்டுமே இருப்பதால் இதைக் கைக்கிளையில் அடக்குவாரும் உளர். மீனின் அளவைக் கண்டோர் பெருந்திணை என்பர். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தை முன்வைத்து இதன் இலக்கணம் இங்கே வகுக்கப்படுகிறது.

1. முதற்பொருள்

நிலம்: ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டி. தண்ணீர் சுமார் 680 லிட்டர். எடையும் ஏறக்குறைய அத்தனை கிலோ. வீட்டுத் தரையின் சம்மதம் அவசியம். பொழுது: நெய்தலுக்கு எற்பாடு, இதற்கு மின்தடை.

2. கருப்பொருள்

நீர்: தேவனாம்பட்டினத்தில் கடல் இலவசம். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் கெடிலமும் தென்பெண்ணையும் நன்னீரைக் கொட்டினால் கரையோர நீரின் உவர்ப்பு குறையும். மீனுக்கோ லிட்டருக்கு 35 கிராம் உப்பு வேண்டும். ஆகவே அலையோசை கேட்கும் வீட்டிலும் ஆர்.ஓ. தண்ணீரில் பாக்கெட் உப்பைக் கரைக்க நேர்கிறது. முதல் நிரப்பலுக்கே 24 கிலோ. சமையல் உப்பு ஆகாது. கால்சியம், மக்னீசியம் எல்லாம் இருந்தாக வேண்டும்.

விலங்கு: மஞ்சள் துடுப்பு சர்ஜன். கடையில் உள்ளங்கை அளவு. வளர்ந்தால் 70 செ.மீ. வரை. தொட்டியின் அகலம் 61 செ.மீ. உணவு பாசி. வாலடியில் இருபுறமும் மடக்குக்கத்தி போல் ஒரு முள். தொட்டிக்குள் கையை விடுபவர் தம் இரத்த வகையை அறிந்திருத்தல் நலம்.

நோய்: வெண்புள்ளி. அதற்கான செம்பு மருந்து இறாலையும் பவளத்தையும் சேர்த்தே கொல்லும். ஆக, சிகிச்சைக்கு இரண்டாம் தொட்டி. ஆக, இரண்டாம் கடன்.

3. உரிப்பொருள்

நெய்தலுக்கு இரங்கலும் இரங்கல் நிமித்தமும். இதில் திருத்தம் தேவைப்படவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பம்பு நின்றால் ஆக்சிஜன் குறையும், அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாக்கள் மடியும், அம்மோனியா ஏறும். இவை நிமித்தம். இரங்கல் தானே வரும்.

4. முடிவு

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் கோமாளி மீனைப் பண்ணையிலேயே இனப்பெருக்கம் செய்துகாட்டியிருக்கிறது. தொட்டி மீன் வேண்டுவோர்க்கு அது போதும். சர்ஜன் மீன்களோ பெரும்பாலும் பவளப்பாறைகளில் பிடிபட்டவை. அவை கேட்பது வெளி. வெளியையே வழிபடும் சிதம்பரத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் தொட்டிக்கு முன் ஒரு திரையிட்டு, விருந்தினர் வந்ததும் விலக்கி, உள்ளே ஒன்றுமில்லாததைக் காட்டலாம். ஊரில் முன்னுதாரணம் உண்டு, மின்கட்டணமும் மிச்சம்.