பஞ்சு படிந்த பட்டம்

என்ஜினியரிங் முடித்துவிட்டு ஸ்பின்னிங் மில்லில் சேருகிற பையனுக்கு முதலில் வருவது சம்பளமல்ல, நரை. எட்டு மணி நேர ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் தலை, புருவம், மீசை எல்லாவற்றிலும் பஞ்சு. ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன். "பெரியவரே, படியில நிக்காம உள்ள வாங்க" என்றார் கண்டக்டர். கல்லூரி மாணவி ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்துகொண்டேன். மரியாதையை மறுக்கக் கூடாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்கு இந்த வேலையில் அவ்வளவு திருப்தி இல்லை. கூடப் படித்தவர்கள் பெங்களூரில் கழுத்தில் அட்டை மாட்டிப் போட்டோ போடுகிற காலம். ஆர்டரில் 'கிராஜுவேட் என்ஜினியர் டிரெய்னி' என்றிருந்ததில் அம்மா நடு வார்த்தையை மட்டும் தெருவில் சொன்னாள். பெரியப்பா வேறு ரகம். "ராஜபாளையத்துக்காரர் குமாரசாமி ராஜா சென்னை மாகாணத்துக்கே முதலமைச்சரா இருந்தவரு. நீ போயி ஒரு ஷிப்ட்டையாவது ஒழுங்கா பாரு."

அவர் சொன்னது அநியாயமில்லை. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அன்றிலிருந்து பஞ்சோடு வாழ்கிற ஊர் அது. அங்கே டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூட நூல் நம்பர் தெரியும். 40-ஆம் நம்பர் என்றால், ஒரு பவுண்டு எடையில் 840 கஜக் கண்ணிகள் நாற்பது. மொத்தம் 33,600 கஜம், முப்பது கிலோமீட்டருக்கும் மேல். ஒரு பவுண்டு நூலைப் பிடித்துக்கொண்டே ஸ்ரீவில்லிபுத்தூர் போய், கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு, ராஜபாளையம் திரும்பினாலும் கையில் மிச்சம் இருக்கும். இதை எனக்கு விளக்கியவர் பேராசிரியர் அல்ல, பிட்டர் அண்ணாச்சி.

அண்ணாச்சியிடம் ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவர் உண்டு. ஒரு முனையைப் பேரிங் மேல் வைப்பார், மறுமுனையைக் காதோரம். கண்ணை மூடிக் கேட்பார். "இது இன்னும் பத்து நாளு ஓடும் தம்பி." ஓடும். பேரிங்கின் ஆயுளைக் கணக்கிடும் சூத்திரத்தை 16 மார்க்குக்கு எழுதிப் பாஸானவன் நான். பரீட்சைத் தாளில் எந்தப் பேரிங்கும் ராத்திரி இரண்டு மணிக்குப் போனதில்லை.

ஆடி மாதம் மேற்குக் காற்று உலர்ந்து வீசினால் ஈரப்பதம் இறங்கும்; நூல் முறுக்கும் ரிங் பிரேமில் இழை அறும். எனக்கு அதைச் சொல்ல சுவரில் மீட்டர் வேண்டும். அண்ணாச்சி நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒதடு காயுது, தண்ணி பிளான்ட்டைக் கூட்டச் சொல்லுங்க" என்பார். அறுந்த இழையைச் சைடு பார்க்கும் அக்கா ஒட்டுகிற வேகத்தை என் கண்ணால் பிடிக்க முடியவில்லை. அங்கே வளையத்தின் மேல் ஓடும் நகக்கண் அளவுக் கம்பித்துண்டுக்கு டிராவலர் என்று பெயர். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும். எங்கள் ஊர் பஸ்ஸுக்கு அதைக் காட்டி வெட்கப்பட வைக்கலாம்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு என் கருத்து ஒன்றுண்டு: கையை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் முதல் வாரத்தின் பெரிய பிரச்சினை. பின்னால் கட்டினால் மேனேஜர் வேஷம். முன்னால் கட்டினால் ஆடிட்டர் என்று நினைத்து எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். பையில் விட்டால் மெஷின் பக்கம் நிற்கவே விட மாட்டார்கள். ஒரு நோட்டையும் பேனாவையும் பிடித்துக்கொண்டால் கைக்கும் வேலை, கேள்வி கேட்கவும் சாக்கு.

அப்புறம், எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கவனிக்க வேண்டும். 'சார்' என்றால் இன்னும் வாசலில் நிற்கிறோம். மேனேஜர் எதிரில் 'சார்', அவர் முதுகு திரும்பியதும் 'தம்பி' என்றால் உள்ளே வந்தாயிற்று. இந்தப் பதவி உயர்வுக்கு லெட்டர் வராது.

என் உயர்வில் பால்கோவாவுக்கும் பங்குண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் வெறுங்கையோடு வந்தால் ராஜபாளையத்தில் முகம் சுருங்கும். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதைக் கேட்கிற குரலில் ஓர் உரிமையும் ஏறிவிட்டது. அண்ணாச்சிக்குச் சர்க்கரை வியாதி. "எனக்கு ஆகாது தம்பி, பேரனுக்குக் கொடுப்பேன்" என்று கால் கிலோவை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். அந்தப் பேரனுக்காக மாதம் தவறாமல் வாங்கிப் போனேன். பதிலுக்கு ரிங் பிரேமின் ரகசியங்கள் ஒவ்வொன்றாக என் நோட்டுக்கு வந்தன.

தை மாதம் அண்ணாச்சி வெற்றிலை பாக்கோடு பத்திரிகை நீட்டினார். மூத்த மகளுக்குக் கல்யாணம். அவருடைய மற்ற பிள்ளைகள் யாருக்கும் இன்னும் ஆகவில்லையாம்.