ரோடு இன்ஸ்பெக்டரின் திருட்டு ராஜ்ஜியம்

பிரிவினையில் லாகூர் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டதால் பஞ்சாபுக்குத் தலைநகரம் இல்லை. புதிதாக ஒன்று கட்டிக்கொள்வோம், பழைய காலத்துப் பாரம் எதுவும் அதில் இருக்கக் கூடாது என்று விரும்பினார் நேரு. வட்டக் கண்ணாடியும் கழுத்தில் போ டையுமாக வந்து சேர்ந்தார் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே. சண்டிகர் என்ற அந்த ஊரைச் செக்டர் செக்டராகக் கூறு போட்டார்கள். எல்லாம் பகுத்தறிவு, எல்லாம் கணக்கு. 13 என்ற எண்ணில் மட்டும் செக்டர் வைக்கவில்லை. நவீனத்துக்கும் ராகு காலம் உண்டு போலிருக்கிறது.

பழைய பாரம் வேண்டாமென்றால் முதலில் அதை யாராவது இடிக்க வேண்டுமே. சண்டிகர் எழும்ப வேண்டிய நிலத்தில் ஏற்கெனவே கிராமங்கள் இருந்தன. அரசு அவற்றைத் தரைமட்டமாக்கியது. ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் விட்டுப்போன ஓடும் சட்டியும் வளையல் துண்டும் குவியலாகக் கிடந்தன. வரைபடக்காரர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பார்த்தவர் ஒரு ரோடு இன்ஸ்பெக்டர். பெயர் நேக் சந்த். 1924ல் பிறந்தவர், பிறந்த கிராமமும் லாகூரைப் போலவே அந்தப் பக்கம் போய்விட்டது. 1951ல் சண்டிகர் பொதுப்பணித் துறையில் வேலை கிடைத்தது. சாலை நேராகப் போகிறதா என்று பார்ப்பது சம்பளத்துக்குச் செய்த வேலை. கோணல்மாணலான கற்களைப் பொறுக்குவது சம்பளமில்லாமல் செய்தது. ஆற்றுப்படுகைகளில் திரிந்து, மனிதன் போலவோ பறவை போலவோ தெரிகிற கற்களையெல்லாம் சைக்கிளில் வைத்துக் கொண்டுவருவார். மேலதிகாரி ஜாடையிலும் ஒன்றிரண்டு சிக்கியிருக்கும்.

கொண்டுவந்து குவித்த இடத்தைச் சொன்னால்தான் அவருடைய துணிச்சல் புரியும். சுக்னா ஏரிக்கும் தலைமைச் செயலக வளாகத்துக்கும் நடுவே ஒரு காடு. அங்கே ஒரு செங்கல்லைக்கூட நடக்கூடாது என்பது அரசு உத்தரவு. சட்டமன்றம், செயலகம், உயர் நீதிமன்றம் மூன்றும் பக்கத்திலேயே. சட்டம் இயற்றுகிறவர், அமல்படுத்துகிறவர், தீர்ப்புச் சொல்கிறவர் எல்லாரும் ஒரு நடை தூரத்தில் இருக்க, நடுவில் நம்ம ஆள் நிதானமாகச் சட்டத்தை மீறிக்கொண்டிருந்தார். விளக்கின் அடியில் இருட்டு என்பார்கள். இங்கே மூன்று விளக்கு.

எதற்கு இந்த வேலை என்றால், சுக்ராணி என்கிற தெய்வீக ராஜ்ஜியம் ஒரு காலத்தில் அங்கே இருந்ததாம். அதைத் திரும்பக் கட்டுகிறாராம். ராஜ்ஜியம் கட்டுகிறவருக்குக் கஜானா வேண்டும். இவருடைய கஜானா ஊரார் வீட்டுப் புழக்கடை. உடைந்த தட்டு, கைப்பிடி போன டீ கப், பீங்கான் ஃபியூஸ் கட்டை, சுவிட்ச், டியூப் லைட், தார் டிரம், சலூனில் கூட்டித் தள்ளிய முடி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. சைக்கிள் பழசாகிவிட்டால் அதற்கு மறுபிறவி நிச்சயம்: ஃப்ரேம் மிருகத்தின் உடம்பாகும், ஃபோர்க் காலாகும், சீட் முகமாகும். அதன்மேல் சிமெண்டை அப்பி, ஈரம் காய்வதற்குள் பீங்கான் சில்லுகளைப் பதிப்பார். பெண் சிலைகளுக்கு மட்டும் தனி மரியாதை. கழுத்திலிருந்து கால்வரை உடைந்த கண்ணாடி வளையல். எந்த வீட்டில் எந்தச் சண்டையில் உடைந்ததோ, இங்கே பட்டுப் புடவையாக மின்னுகிறது.

கழிப்பறைச் சாமான்களையும் அவர் ஒதுக்கவில்லை. 1917ல் மார்செல் துஷாம்ப் என்ற கலைஞர் ஒரே ஒரு சிறுநீர்க் கோப்பையை நியூயார்க் கண்காட்சிக்கு அனுப்பி, கண்காட்சிக்காரர்கள் வைக்க மறுத்துவிட, அதை இன்றுவரை கலை வரலாறு மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டிருக்கிறது. நேக் சந்த் உடைந்த கோப்பைகளையும் வாஷ்பேசின்களையும் அடுக்கிச் சுவரே எழுப்பினார். கையெழுத்துக்கூடப் போடவில்லை.

பகலில் அரசாங்க உத்தியோகம், இரவில் டயரைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் ராஜாங்க உத்தியோகம். இப்படியே ஒன்றல்ல இரண்டல்ல, 18 வருஷம்.

இதில் இன்னொரு கூத்து. தனிமனிதர்களுக்கு ஊரிலும் பூங்காக்களிலும் சிலை வைக்கக் கூடாது என்று கொர்பூசியே சாசனமே எழுதிவைத்திருந்தார். தனக்கு மட்டும் பெரிதாக ஒரு 'திறந்த கை' நிறுவ வேண்டுமென்று ஆசை. அதற்கு வரைபடம் உண்டு, கடிதப் போக்குவரத்து உண்டு, உலகப் புகழ் உண்டு. 1965ல் அவர் இறந்தபோதும் கை எழும்பவில்லை; எழுந்தது 1985ல். அனுமதியே கேட்காத ரோடு இன்ஸ்பெக்டரோ அதற்குள் காட்டுக்குள்ளே ஒரு படையையே நிறுத்திவிட்டார். ஃபைல் இல்லாத இடத்தில் வேலை எவ்வளவு வேகமாக நடக்கிறது பாருங்கள்.

1970களில் குட்டு உடைந்தது. அதிகாரிகள் காட்டுக்குள் போய்ப் பார்த்தால் 12 ஏக்கரில் முற்றம் முற்றமாக நாட்டியக்காரிகள், வாத்தியக்காரர்கள், குரங்குகள். அத்தனையும் ஆக்கிரமிப்பு. விதிப்படி இடிக்க வேண்டும். ஆனால் விஷயம் வெளியே தெரிந்ததும் ஊரே பார்க்க வந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்த அரசு, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் குற்றவாளியைத் தண்டித்தது: பதவி கொடுத்தது. 1976ல் அந்த இடம் 'ராக் கார்டன்' என்ற தோட்டமாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நேக் சந்த் 'ராக் கார்டன் சப் டிவிஷனல் இன்ஜினியர்' ஆனார். சம்பளம் உண்டு, 50 தொழிலாளர்கள் உண்டு. ஊரெங்கும் குப்பை சேகரிக்க மையங்களும் திறந்தார்கள். அதுவரை ஒளிந்து ஒளிந்து பொறுக்கியவருக்கு இனிமேல் அரசு முத்திரையோடு குப்பை வரும்.

பிறகு வழக்கமான மரியாதைகள். 1983ல் தோட்டம் தபால்தலையில் ஏறியது, 1984ல் அவருக்குப் பத்மஸ்ரீ. வழக்கமான அவமரியாதைகளும் பின்னாலேயே வந்தன. 1990ல் பிரமுகர்களுக்குச் சாலை போட வேண்டுமென்று புல்டோசர் வந்து நின்றது. சண்டிகர்வாசிகள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்று திருப்பி அனுப்பினார்கள். 1996ல் அவர் அமெரிக்கா போயிருந்த சமயம் பார்த்து நகர நிர்வாகம் நிதியை நிறுத்த, யாரோ புகுந்து சிலைகளை உடைத்தார்கள். ஏற்கெனவே உடைந்தவற்றால் செய்த சிலைகளை உடைப்பதற்கு எவ்வளவு வேலையற்றுப் போயிருக்க வேண்டும்! திரும்பி வந்தவர் பழையபடி சில்லுகளோடு உட்கார்ந்தார்.

2015ல் நேக் சந்த் காலமானார். 2025ல் உயர் நீதிமன்றப் பக்கம் சாலையை அகலப்படுத்தவும் வண்டிகள் நிறுத்தவும் இடம் போதவில்லை என்று தோட்டத்துச் சுவரில் ஒரு பகுதியை இடித்தார்கள். செங்கல் நடக்கூடாத காட்டில் கார் நடலாம்.

ஆனால் கிழவர் ஒரு காரியம் செய்துவிட்டுப் போயிருக்கிறார். தெய்வ ராஜ்ஜியத்துக்குள் வருகிறவன் தலைவணங்கி வரட்டும் என்று வாசல்களை வேண்டுமென்றே குட்டையாக வைத்துக் கட்டினார். காரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வருகிறவர் எந்தத் துறையின் எந்த அதிகாரியானாலும் குனிந்துதான் வர வேண்டும். குனியாவிட்டால் நெற்றி புடைக்கும்.