கைப்பிடி இல்லாத படிக்கட்டு

எரவான்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நலம். ‘லீவு நாளிலாவது கோயிலுக்குப் போ’ என்ற பெரியம்மாவின் உத்தரவை நிறைவேற்றிவிட்டேன். சாமிதான் வேறு.

எரவானிலிருந்து தென்கிழக்கே 120 கிலோமீட்டர் போனால் நோராவாங்க் மடம். அமாகு ஆறு மலையை அறுத்துக்கொண்டு போன இடுக்கு அது. இரண்டு பக்கமும் செங்காவிப் பாறை செங்குத்தாக நிற்கிறது. டிரைவர் அதை ரசித்தபடியே ஓட்டினார். யாராவது ஒருவர் ரோட்டைப் பார்க்க வேண்டுமே என்று நான் பார்த்துக்கொண்டேன்.

அங்கே 1339இல் கட்டி முடித்த மாதா கோயில் ஒன்று, இரண்டு அடுக்கு. கீழே ஒர்பெலியான் பிரபுக்களின் கல்லறை, மேலே சன்னதி. மேலே போக உள்ளே வழி கிடையாது. முகப்புச் சுவரில், வாசலுக்கு இரு பக்கமும் கல் கல்லாக வெளியே நீட்டியிருக்கிறார்கள், அதுதான் படி. ஏற ஏறக் குறுகிக்கொண்டே போகிறது. கைப்பிடி கிடையாது. கட்டியவர் மோமிக். பெரிய சிற்பி, ஏடுகளில் சித்திரமும் தீட்டியவர். அழகைப் பார்த்தவர், ஏறுகிறவன் இடுப்பைப் பார்க்கவில்லை.

ஏறிவிடலாம் பெரியப்பா, இறங்குவதுதான் வினை. பீடத்துக்கு முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்து வெளியே வருவது ஆர்மேனியர்கள் மரபு. மற்ற கோயில்களில் அது பக்தி, இங்கே சாகசம். ஒரு பாட்டி சுவரைப் பிடித்தபடி விறுவிறுவென்று இறங்கிப் போனார். நான் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து வந்தேன். கீழே நின்றவர்கள் கை தட்டினார்கள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் அரெனி கிராமம். ரோட்டோரக் கடைகளில் கோலா பாட்டில் வரிசை, உள்ளே ஒயின்! ஈரான் லாரிக்காரர்கள் சந்தேகம் வராமல் எடுத்துப்போக வசதியாம். இந்த ஊர்க் குகையில்தான் சுமார் 6,000 வருஷப் பழைய ஒயின் ஆலையையும் 5,500 வருஷத் தோல் செருப்பையும் தோண்டி எடுத்தார்கள். செருப்பு ஒற்றைதான். இன்னொன்றை எந்தக் கோயில் வாசலில் பறிகொடுத்தாரோ! நான் குடித்தது மாதுளை ஜூஸ் என்று பெரியம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

மெட்ராஸ்காரன் என்றதும் டிரைவர் வண்டியை ஓரங்கட்டிக் கை குலுக்கினார். உலகின் முதல் ஆர்மேனியப் பத்திரிகை ‘அஸ்தரார்’ 1794இல் நம் ஊரில்தான் அச்சானது. அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியனின் சமாதி, நீங்கள் ரிட்டயர் ஆகும்வரை வேலை பார்த்த அதே ஆர்மேனியன் தெருவில், ஆர்மேனியர்களின் மாதா கோயிலுக்குள் இருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு நாள் போய்ப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். டிரைவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
சீனு