பிறை பார்த்து விதைக்கலாமா?

? வளர்பிறையில் விதைத்தால்தான் தக்காளி நன்றாகக் காய்க்குமாமே? (ஒட்டன்சத்திரம் வாசகி)

நாற்றங்காலில் ஏறக்குறைய ஒரு மாதம், நட்டபின் முதல் பழம் சிவக்க இரண்டு மாதம். அதற்குள் தக்காளி மூன்று வளர்பிறையையும் மூன்று தேய்பிறையையும் கடந்துவிடும். எதில் தொடங்கினாலும் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் காய்க்கும்.

? கடலையே பொங்கவைக்கும் நிலவு மண்ணின் நீரை மேலே இழுக்காதா? (நாகப்பட்டினம் வாசகர்)

நிலவைப் பார்த்திருக்கும் பக்கத்துக்கும் பூமியின் மறுபக்கத்துக்கும் இழுப்பில் உள்ள வித்தியாசத்தால்தான் கடல் பொங்குகிறது. கத்தரிச் செடியின் வேருக்கும் நுனிக்கும் நடுவே அந்த வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம். இன்னொன்றை உங்கள் ஊர் மீனவர்களே சொல்வார்கள்: கடல் பௌர்ணமியை ஒட்டிப் பொங்குவதுபோலவே அமாவாசையை ஒட்டியும் பொங்கும். வளர்பிறையில் நீர் ஏறும், தேய்பிறையில் இறங்கும் என்ற கணக்குக்குக் கடலே சாட்சி சொல்லாது.

? நிலவொளி பட்டால் விதை சீக்கிரம் முளைக்காதா? (சேலம் மாணவி)

முழுநிலவைவிடச் சூரியன் சுமார் 4 லட்சம் மடங்கு பிரகாசம். விதையோ மண்ணுக்குள் இருக்கிறது!

? மேல்நோக்கு நாளில் காய்கறி, கீழ்நோக்கு நாளில் கிழங்கு என்கிறார் அப்பா. மீறலாமா? (தென்காசி வாசகர்)

அது பிறைக் கணக்கல்ல, நட்சத்திரக் கணக்கு. 27 நட்சத்திரங்களை ஒன்பது ஒன்பதாகப் பிரித்திருக்கிறார்கள். ரோகிணி, பூசம், திருவோணம் மேல்நோக்கு. பரணி, மகம், மூலம் கீழ்நோக்கு. அதனால் மேல்நோக்கு நாள் தேய்பிறையிலும் வரும். மண்ணில் ஈரம் நிற்குமென்றால் அப்பா சொல்லும் நாளிலேயே போடுங்கள். அவர் மனமும் குளிரும். அதற்குள் ஈரம் காய்ந்துவிடும் என்றால் ஈரத்தின் பக்கம் நில்லுங்கள்.

? அமாவாசையன்று விதைக்கலாமா? (மதுரை வாசகி)

தாராளமாக.

? அப்படியென்றால் முன்னோர் சொன்னதெல்லாம் வீணா? (திருவாரூர் வாசகர்)

ஒருபோதும் இல்லை! அவர்கள் வகுத்த பட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆடியில் வெயில் தணியத் தொடங்கும். அப்போது போட்ட புடலையும் பாகலும் ஐப்பசி அடைமழைக்கு முன்பே பந்தலேறிவிடும். அதே மழையில் சிறு நாற்றாக நின்றிருந்தால் அழுகிப் போயிருக்கும். பந்தல் அவரையைப் பாருங்கள். நம் நாட்டு ரகங்கள் பகல் குறுகினால்தான் பூக்கும். சித்திரையில் எந்தப் பிறையில் ஊன்றினாலும் மாதக்கணக்கில் கொடியும் இலையுமாகவே படரும். ஆடியில் ஊன்றியதோடு சேர்ந்துதான் பூவெடுக்கும். இதை அளவுகோலும் ஆய்வுக்கூடமும் இல்லாமல், தலைமுறை தலைமுறையாக வயலில் நின்று கண்டுபிடித்தார்கள். நான் தலைவணங்குவது அந்த அறிவுக்கு. விதைக்கும் தேதி ஒரு வாரம் முன்பின் ஆகலாம்; பட்டம் தவறக் கூடாது.

? நானே சோதித்துப் பார்க்க வழி உண்டா? (தாம்பரம் மாடித்தோட்டக்காரர்)

உண்டு. தண்டுக்கீரை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு மாதத்தில் பறித்துவிடலாம். ஒரே பொட்டலத்து விதை, ஒரே மண்கலவை, ஒரே அளவுத் தொட்டி. வளர்பிறைப் பஞ்சமியில் ஒரு தொட்டி, தேய்பிறைப் பஞ்சமியில் ஒரு தொட்டி. பறிக்கும்போது எடைபோட்டு எழுதிவையுங்கள். ஒருமுறை செய்தால் மழையும் வெயிலும் ஏமாற்றிவிடும், ஓராண்டு தொடருங்கள். கணக்கை எனக்கு அனுப்புங்கள், அப்படியே வெளியிடுகிறேன். பதினைந்து நாளுக்கொரு தொட்டி விதைப்பதால், ஆண்டு முழுக்க வீட்டில் கீரைக்குப் பஞ்சமும் இருக்காது.